பந்தெலியின் வலது கை

ஸ்துஃபோவ்காவில் ஒருவன் எந்தக் கரையைச் சேர்ந்தவன் என்று தெரிந்துகொள்ள அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. அவன் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்த்தால் போதும். கால்வாய்க்கு வடகரையில் இருப்பவர்கள் லிப்போவர்கள், பழைய முறையை விடாத ரஷ்யக் கிறிஸ்தவர்கள். அவர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, இரண்டு விரலால் போடுவார்கள். தென்கரைக்காரர்கள் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் நுனியில் கூட்டி, மூன்று விரலால் போடுவார்கள். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ரஷ்யாவில் இந்த ஒரு விரல் வித்தியாசத்துக்காக ஆட்களை உயிரோடு கொளுத்தினார்கள். லிப்போவர்கள் தப்பி ஓடி டான்யூப் நதியின் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. இங்கே எதைக் கொளுத்தினாலும் புகைகிறதே தவிர எரிவதில்லை.

பந்தெலி தென்கரை. ஐம்பத்தெட்டு வயது. குளிர்காலத்தில் கூரைக்கு நாணல் வெட்டுவான், மற்ற மாதங்களில் வலை போடுவான். அவன் மனைவி உலியானா வடகரை. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் இவனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக, வடகரைத் தேவாலயத்துக்குள் மற்றவர்களோடு நிற்கும் உரிமை அவளுக்குப் போயிற்று. வரலாம், ஆனால் வாசல் கதவுக்கு வெளியே முன்கூடத்தில் நிற்க வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் சபைத் தலைவர் எரோஃபெய். அவர்தான் உலியானாவின் அப்பா.

பந்தெலி விரலை மாற்றிக்கொண்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். எரோஃபெய் அப்படித்தான் கேட்டார். முடியாது என்று பந்தெலி சொல்லிவிட்டான். பக்தி ஒன்றும் பெரிதாக இல்லை. ஈஸ்டருக்கு ஒரு முறை, கல்லறைக்கு இரண்டு முறை போகிற ஆள். கேட்ட தோரணை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் வருடம் ஏற ஏற, அதை விடவும் முடியவில்லை. விட்டால் இத்தனை வருடமும் எதற்கு என்றாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் உலியானாவைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிடுவான். நான்கு மணிநேரம் படகிலேயே உட்கார்ந்து வெள்ளரி விதை கொறித்துவிட்டு, அவள் வந்ததும் ஏற்றிக்கொண்டு வருவான். மாமனார் அந்த முப்பத்தோரு வருடத்தில் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படகைப் பார்த்து இரண்டொரு முறை காறித் துப்பியிருக்கிறார்.

ஜனவரியில் உறைந்த ஏரியில் நாணல் வெட்டிக்கொண்டிருந்தபோது பந்தெலி வழுக்கி விழுந்தான். வெட்டிய நாணலின் அடிக்கட்டை பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது கத்திக்குக் குறைந்ததில்லை. வலது முழங்கையின் உள்மடிப்பில் ஏறிவிட்டது. ஊர் நர்ஸ் ஃப்லோரிகா ஆறு தையல் போட்டு, பத்து நாளில் பிரித்து, காயம் அழகாக ஆறியிருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். காயம் அழகாகத்தான் ஆறியிருந்தது. விரல்கள்தான் வேலை செய்யவில்லை.

கையை மடக்கினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் சமர்த்தாக மடங்கின. ஆள்காட்டி விரல் நேராக நின்றது. நடுவிரல் பாதி வளைந்து, அதற்கு மேல் மாட்டேன் என்றது. பெருவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்த மூன்று விரல்களிலும் தொட்டால் தெரியவில்லை, சுட்டால் தெரியவில்லை. ஒருநாள் அடுப்பில் கெட்டிலைத் தூக்கியவன், எங்கோ பன்றி வாட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வாடை அவன் விரலிலிருந்து வந்தது.

"கொஞ்ச நாள் ஆகும், தானா வரும்," என்றாள் ஃப்லோரிகா. அவள் எதற்கும் அதையே சொல்வாள்.

மார்ச்சில் மாமியார் இறந்துபோனாள். சாவுக்கு அக்கரைக்காரர்களும் வரலாம். ஆனால் தேவாலய முற்றத்தில், வேலி ஓரமாக நிற்க வேண்டும். பந்தெலி நின்றான். பெட்டியை வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது, முன்கூடத்தில் நின்றிருந்த உலியானா அதன் பின்னால் நடந்து வந்தாள். சொந்த அம்மாவின் பெட்டிக்குப் பின்னால், அத்தைகள், சித்திகள், ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக. அதைப் பார்த்ததும் பந்தெலி, கையின் நிலைமை மறந்துபோய், பழக்க தோஷத்தில், மூன்று விரலைக் கூட்டி நெற்றிக்குக் கொண்டுபோனான்.

மூன்று விரல் கூடவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கின. ஆள்காட்டி விரல் நேராகவும் நடுவிரல் சற்று வளைந்தும் நின்றன. வடகரை முறைப்படி அந்த நடுவிரல் சற்று வளைந்துதான் இருக்க வேண்டும். பாதிப் பேர் அதைச் சரியாகச் செய்வதில்லை என்று பாதிரியார் அஃபனாசி ஞாயிறுதோறும் திட்டுவார். பந்தெலி நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று பிசகாமல் போட்டு முடித்தான்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகள் பாதியில் நிறுத்தினார்கள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் நின்றுவிட்டார்கள். எரோஃபெய் திரும்பி, மருமகனின் கையை நீண்ட நேரம் பார்த்தார்.

"வேலிகிட்ட ஏன் நிக்கறே?" என்றார். "உள்ள வா."

அந்த முப்பத்தோரு வருடத்தில் அதுதான் அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு. பந்தெலி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது எரோஃபெய் மகளைப் பார்த்து, "நீ முன்னால வா, உலியா. அம்மா பக்கத்துல நில்லு," என்றார். உலியானா ஓடினாள். ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, சேற்றில், கறுப்புப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். பந்தெலி வாயை மூடிக்கொண்டான்.

முறைப்படி செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. முழுக்கு, உறுதிமொழி, நாற்பது நாள் விரதம். பாதிரியார் அஃபனாசி பட்டியலோடு வந்தார். எரோஃபெய், "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்," என்றார். சட்டத்தில் ஒரு மயிரிழை விடாத மனிதர் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை யாரும் கேட்டதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு முதல் உலியானா உள்ளே நின்றாள். பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசை, தங்கைக்கும் பெரியம்மா மகளுக்கும் நடுவில். ஆண்கள் பக்கம் கடைசியில் பந்தெலியும் நின்றான். நான்கு மணிநேரம் நிற்பதற்கு வெள்ளரி விதை எவ்வளவோ மேல் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் உலியானா பாடினாள். வீட்டில் மாவு பிசையும்போது முணுமுணுப்பாளே தவிர, அவளுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று கட்டிக்கொண்டவனுக்கே தெரியாது. திரும்பி வரும்போது படகில் தொண்டை கட்டிப்போய், பேச முடியாமல், சிரித்துக்கொண்டே வருவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு விரல் விஷயத்தை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். கை சொல்கிறது, நான் சும்மா இருக்கிறேன்.

உலியானாவுக்கும் தெரியும். தினமும் அவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுகிறவள் அவள்தான். அவளும் சும்மா இருந்தாள்.

தென்கரையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பந்தெலியின் சொந்த அண்ணன் படகுத் துறையில் இவனைப் பார்த்துவிட்டு, "என்னடா, மாமனார்க் கிழவன் சாகப்போறான்னு, அவன் நாணல் காட்டுக்காக விரலை மடக்கிட்டியா?" என்று கேட்டான்.

"மடக்கலைண்ணே. மடங்க மாட்டேங்குது. அதான் பிரச்சினை."

"நல்லா பேசக் கத்துக்கிட்டே," என்று அண்ணன் போய்விட்டான்.

மே மாதம் வந்ததும், தானாக எதுவும் வராததைக் கண்டு ஃப்லோரிகாவே பயந்துபோய், புக்கரெஸ்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தாள். படகில் நான்கு மணிநேரம், பேருந்தில் ஐந்து மணிநேரம். டாக்டர் ஸ்மராண்டா நாற்பது வயதுக்காரி. கையைப் பிடித்துப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, அங்கங்கே கரண்ட் வைத்துக் கம்ப்யூட்டரில் கோடு ஓடுகிறதா என்று பார்த்தாள். முழங்கைக்குக் கீழே கோடு ஓடவில்லை.

"எப்ப அடிபட்டுது?"

"ஜனவரி."

"இப்ப மே. நாலு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தேவாலயத்துக்குப் போயிட்டிருந்தேன்," என்றான் பந்தெலி. மார்ச்சிலிருந்து அது உண்மைதான்.

டாக்டர் ஒரு தாளை எடுத்துக் கை ஒன்றை வரைந்தாள். நடுநரம்பு அறுந்திருக்கிறது. பக்கத்திலேயே ஓடும் பெரிய ரத்தக்குழாய் தப்பியது அவன் அதிர்ஷ்டம். வழிகள் நாலு இருக்கின்றன என்று பென்சிலால் புள்ளி வைத்தாள்.

"ஒண்ணு, அறுந்த எடத்தைத் திறந்து, வடுவை வெட்டி எடுத்துட்டு, நடுவுல உங்க கெண்டைக்கால்லேர்ந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போடறது. நரம்பு அதைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ வளந்து போகும். உணர்ச்சி வர்றதுக்கு இதுதான் வழி. மெதுவாத்தான் வரும், ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். பாதத்தோட வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போயிடும், நடக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது, நல்லா வேலை செய்யற பக்கத்து நரம்புலேர்ந்து ஒரு கிளையைத் திருப்பி விடறது. மூணாவது, நரம்பை விட்டுட்டு, மடங்காத விரலோட தசைநாணை மடங்கற விரலோட நாண்ல சேத்துத் தைக்கறது. சீக்கிரம் வேலை செய்யும், ஆனா விரல் நுனி மரத்தே இருக்கும். நாலாவது, ஒண்ணும் பண்ணாம பயிற்சி மட்டும் பண்றது. உங்க கைக்கு அது போதாது. நான் முதல் வழியத்தான் சொல்வேன். அதுவும் சீக்கிரம். தசை ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருக்காது. ஜூலையைத் தாண்டினா எனக்கே நம்பிக்கை இல்ல."

பந்தெலி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"டாக்டரம்மா, இதுல எந்த வழியில போனா இந்த ரெண்டு விரலும் இப்பிடியே நீட்டிக்கிட்டு இருக்கும்?"

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தாள். "புரியல."

"பெருவிரல் வரட்டும். உணர்ச்சியும் வரட்டும். இந்த ரெண்டு மட்டும் நீட்டமாவே இருக்கணும். இது நேரா, இது கொஞ்சம் வளைஞ்சாப்பல."

"ஐயா, நான் பதினேழு வருஷமா கை பாக்கறேன். எல்லாரும் மடங்கணும்னுதான் வர்றாங்க."

"எல்லாரும் எங்க ஊர்லேர்ந்து வரலை இல்லையா."

உலியானா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காது சிவந்துபோனது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனநல மருத்துவரும் இந்த மாடியில்தான் இருக்கிறார் என்று சொல்லலாமா என யோசித்திருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜூன் இருபத்து மூன்று, திங்கட்கிழமை என்று தேதி மட்டும் எழுதிக்கொடுத்து, வராவிட்டால் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்றாள்.

படகில் பாதி தூரம் வந்த பிறகுதான் உலியானா வாயைத் திறந்தாள்.

"யோவ் பந்தெலி, பைத்தியமா உனக்கு?"

"ஏன்?"

"ஊருக்கு முன்னால பண்றது பத்தாதுன்னு புக்கரெஸ்ட்ல போயி வேற. அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே."

"உனக்காகத்தான் கேட்டேன்."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கலை."

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா?"

"கேக்கலை. அதான்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். போ, போய் வெட்டிக்கொண்டு வா, எனக்கு முன்கூடம் போதும் என்று அவள் சொல்வாள் என்று பந்தெலி எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. அந்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். தேதி எழுதிய சீட்டு சமையலறையில் உப்பு டப்பாவுக்குக் கீழே கிடந்தது. அவள் தினமும் உப்பை எடுத்தாள், தினமும் திரும்ப வைத்தாள்.

பந்தெலிக்கு வலித்தது. விரல் அல்ல. அவளாகவே தேவாலயம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இவன் பெரிய மனுஷனாக இருந்து, பரவாயில்லை, கை போனால் போகட்டும் என்றிருப்பான். அவளும் சொல்லாமல் இவனும் சொல்லாமல், கையைப் பற்றிய பேச்சு அந்தச் சீட்டில் மட்டும் இருந்தது. மூன்று மாதம் தேவாலயத்துக்கு உள்ளே நின்றவளுக்கு என் கையை விடத் தேவாலயம் பெரிதா என்று கோபம் வந்தது. உடனே, முப்பத்தோரு வருடம் தேவாலயத்தை விட என்னைப் பெரிதாக நினைத்தவள் ஆயிற்றே என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் அவன் வலையைச் சரிசெய்யப் போனான்.

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. மத்தியானம் அவன் மீன் சூப்புக்காக மேஜையில் வந்து உட்கார்ந்தான். கெளுத்தி இந்த வருடம் மோசம், தண்ணீர் மட்டம் ஏறவில்லை, அதிகாரிகள் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்தான். உலியானா ரொட்டியைப் பார்த்தாள். அது சிவப்பாக இருந்தது.

"கையக் காட்டு."

ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு தூண்டில் முள், முழுசாக, கொக்கி உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைக் கை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்ப ஏறிச்சு?"

பந்தெலி ஆச்சரியத்தோடு பார்த்தான். "தெரியலையே. காலைல தூண்டிலை எடுத்தேன். அப்பவா இருக்கும்."

அவள் குறடு எடுத்து வந்து முள்ளின் கொக்கியை வெட்டி, மீதியை இழுத்தாள். இழுக்கும்போது அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் தண்ணீர் மட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கட்டுப் போட்டு முடித்து, எழுந்து, அவன் தட்டில் இருந்த ரொட்டியைக் கோழிக்குப் போட்டுவிட்டு வந்து, அவள் வேறு ரொட்டி வைத்தாள்.

மறுநாள் தேவாலயத்தில், பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், உலியானா பெண்கள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடுவில் உள்ள வெற்றிடத்தைத் தாண்டினாள். பெண்கள் அந்த இடத்தைத் தாண்டுவது பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வரும்போது மட்டும்தான். ஆண்கள் பக்கம் வந்து, கடைசியில் நின்ற பந்தெலியின் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"உலியா," என்றான் பந்தெலி.

"சும்மா இரு."

வடகரைப் பெண்கள் தலைக்குட்டையை முடிச்சுப் போடுவதில்லை, தாடைக்குக் கீழே ஊசி குத்திக்கொள்வார்கள். உலியானா அந்த ஊசியை உருவினாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றாள். "இவன் நம்ம பக்கம் வரலை. இவன் விரல் மடங்க மாட்டேங்குது. நாணல் குத்தி நரம்பு அறுந்துபோச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூணு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நம்பலைன்னா பாருங்க."

நடுவிரலின் நுனியில் ஊசியைக் குத்தினாள். பாதி ஊசி உள்ளே போயிற்று. பந்தெலி இமைக்கவில்லை. இமைக்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பொட்டு ரத்தம் உருண்டு தரையில் விழுந்தது.

முதல் வரிசையில் ஒரு கிழவி மண்டியிட்டாள். "ஆண்டவரே, வலிக்கலை பாருங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் மண்டியிட்டாள். பிறகு வரிசை வரிசையாகப் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். ஒருத்தி முழங்காலால் நகர்ந்து வந்து பந்தெலியின் சட்டை நுனியை முத்தமிட்டாள்.

"ஐயோ, அது இல்ல," என்றாள் உலியானா. "நரம்பு! நரம்புன்னு சொல்றேன்!"

யாரும் கேட்கிற நிலையில் இல்லை. பாதிரியார் அஃபனாசிகூடத் தூபக்கலசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டியிடலாமா வேண்டாமா என்று முழங்காலைப் பாதி மடக்கி நின்றார். அப்போது எரோஃபெய் தன் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"எழுந்திருங்க எல்லாரும். அவ சொல்றது சரி. அது வெறும் நரம்பு."

எல்லோரும் எழுந்தார்கள். சட்டை நுனியை முத்தமிட்டவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். உலியானா ஊசியைப் பிடுங்கித் தலைக்குட்டையில் குத்திக்கொண்டு, யார் சொல்வதற்கும் காத்திருக்காமல், நேராக நடந்து கதவைத் தள்ளிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனாள். பந்தெலி அவள் பின்னாலேயே போனான். அவள் சுவரோரம் ஒரு இடத்தில் போய் நின்றாள். அந்த இடத்தில் பலகை தேய்ந்திருந்தது.

"இருபத்து மூணாந்தேதி போறோம்," என்றாள். "பையை நான் எடுத்து வெச்சுட்டேன்."

பந்தெலிக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதான். அவள் அவனுடைய மரத்த விரலைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அது அவனுக்குத் தெரியாது என்று நினைவு வந்து, தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எரோஃபெய் வெளியே வந்தார். எண்பத்து நாலு வயது. நிலைப்படியைத் தாண்டவே அவருக்கு நேரமாயிற்று.

"மாமா, நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றான் பந்தெலி.

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"அறுபது வருஷம் நாணல் வெட்டினவன்டா நான். நாணல் குத்தின கை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

உலியானா அவரை முறைத்தாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"இவன் சொல்லலை. நீ சொல்லலை. நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?"

பிறகு கிழவர் கேட்டார், "புக்கரெஸ்ட்ல என்ன பண்ணப்போறாங்க?"

"கால்லேர்ந்து நரம்பு எடுத்துக் கைல ஒட்டுப் போடுவாங்க, மாமா. அப்பறம் அது தன்னால கீழ வளந்து வரணும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு வளரும்?"

"கேட்டேன். ஒரு மில்லிமீட்டராம்."

"கையை நீட்டு."

பந்தெலி நீட்டினான். எரோஃபெய் முழங்கைத் தழும்பில் பெருவிரலை ஊன்றி, சாண் போட்டார். ஒரு சாண் மணிக்கட்டுக்கு மேலே முடிந்தது. இன்னொரு சாண் விரல் நுனியில் முடிந்தது. உதடு அசையக் கணக்குப் போட்டார்.

"நானூறு நாள்," என்றார். "அஃபனாசி! இங்க வா."

பாதிரியார் தூபக்கலசத்தோடு எட்டிப் பார்த்தார்.

"இவன் கைல நரம்பு வந்து சேர்ற வரைக்கும் விரல் ரெண்டுதான். ரெண்டா இருக்கற வரைக்கும் அது நம்ம கை. அதுவரைக்கும் என் பொண்ணு உள்ளதான் நிப்பா."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு, ஐயா?" என்றார் பாதிரியார்.

"பழைய புத்தகத்துல."

"எந்தப் பக்கம்?"

"கிழிஞ்ச பக்கம். நீ போயி வேலையைப் பாரு."

பாதிரியார் போனார். பந்தெலி நேர்மையாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தான். "மாமா, தினமும் பயிற்சி பண்ணினா, கரண்ட் வெச்சா, கொஞ்சம் சீக்கிரம் கூட..."

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார் எரோஃபெய். "எனக்கு நானூறு நாள் போதும். அதுக்கப்பறம் வர்றவன் பாத்துக்கட்டும். உள்ள போ, உலியா. பாட்டு ஆரம்பிச்சுடுவாங்க."

உலியானா அப்பாவைப் பார்த்தாள். தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கனமான ஓக் கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது.

எரோஃபெய் போகவில்லை. மகள் நின்றிருந்த இடத்தில், அந்தத் தேய்ந்த பலகை மேல் போய் நின்றார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"நீங்க உள்ள வரலையா மாமா?"

"பேசாதே."

கால்வாயில் ஒரு மோட்டார் படகு போயிற்று. அதுவும் தூரமாகப் போய் ஓய்ந்தது.

"இந்நேரம் ஆரம்பிச்சிருப்பா இல்ல?"

"ஆரம்பிச்சிருப்பா."

கிழவர் ஒரு அடி கதவை நெருங்கினார். காதின் மேல் கையை மடக்கி வைத்துக்கொண்டார். அப்படியே வெகுநேரம் நின்றார்.

"இங்க ஒண்ணுமே கேக்கலையேடா," என்றார்.

"கேக்காது மாமா."

"மழை நாள்ல? பனி நாள்ல?"

"எப்பவும் கேக்காது."

எரோஃபெய் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.